பெரியவருக்கு மூச்சு வாங்குது

தெருவில் அவர் நடந்து வந்தால் நாய்கள் வழிவிட்டு ஒதுங்கும். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், எல்லாம் பயம்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷமாகக் கம்பவுண்டராக இருக்கிறவரின் சட்டையில் என்ன வாடை இருக்குமோ, நமக்குத் தெரியாது, நாய்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் தெருவையே ஆட்டிவைக்கிற தடியன்கள்கூட அவர் தலையைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். ஊரில் அவருக்கு ஊசிக்காரர் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் கதவைக் காட்டுவார்.

டாக்டர்கள் வருவார்கள், இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போவார்கள். ஊசிக்காரர் மட்டும் அங்கேயே கிடந்தார். அதனால் ஜனங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், சீட்டை இவரிடம் நீட்டி, சரியாகத்தான் எழுதியிருக்கிறாரா என்று கேட்காமல் போகமாட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் கெட்டிக்காரர். வாசற்படியில் நாய் ஏறுகிற விதத்தைப் பார்த்தே எந்தக் காலில் நோவு என்று சொல்லிவிடுவார். ஆனால் வாய் இருக்கிறதே, அது பொல்லாத வாய். சீக்கு முற்றியபின் கொண்டுவருகிறவர்களை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். மூன்று நாளாகத் தின்னவில்லை என்று இப்போதுதான் தெரிந்ததா, அது வாயைத் திறந்து சொல்லுமா, நோவை மறைப்பதுதானே அதன் சுபாவம், கூட இருக்கிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காஜா எடுக்கிறவள். சட்டையில் பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலடிக்கிற வேலை அது. நாளைக்கு நானூறு துளை, ஐந்நூறு துளை. கூடத்தில் எல்லாரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இருக்கிற பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "அவர் நாயைக் குத்துறார், நான் சட்டையைக் குத்துறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஊசிதான் சோறு போடுது," என்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் வெளியூரில் நூலகத்தில் வேலை பார்க்கும் மகளை ஃபோனில் பிடித்து அரை மணி நேரம் விடமாட்டாள்.

வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தது பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஆஸ்பத்திரி கேட்டில் கட்டிப்போட்டுவிட்டுக் கம்பி நீட்டிய குட்டி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி ஒரு முகம். மனைவி அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்து, கடைசிவரைக்கும் அவர், இவர் என்றுதான் பேசினாள். பெரியவர் சாப்பிட்டார், பெரியவர் கோபமாக இருக்கிறார், பெரியவருக்குக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவள் சொல்வதைக் கேட்டுக் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர், மாமனார் பேரையும் வயசையும் சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்துவிட்டார். இளையது வாலு. இரண்டு வயது. பேருக்கேற்ற குணம், கயிற்றைக் கையில் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. மலை என்று சொன்னால் நிஜ மலைகள் கோபித்துக்கொள்ளும். உச்சியில் ஊருக்குத் தண்ணீர் விடுகிற தொட்டி, அதற்கு ஒரு செங்குத்தான பாதை. இருபது நிமிஷ ஏற்றம், அவ்வளவுதான். ஆனால் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். வருஷத்தில் அந்த மூன்று நான்கு மாசம்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு மணி நேரம் எந்த வேலையும் இல்லாமல் இருந்தார்கள். மற்ற நாளெல்லாம் அவர் வரும்போது அவள் இருக்கமாட்டாள், அவள் வரும்போது அவர் குறட்டை விடுவார். குளிர் வந்ததும் அவள் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரையும் மப்ளரையும் எடுத்து உதறும் வேகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருக்கும். வாலு அவரை இழுத்துக்கொண்டு முன்னால் போகும். அவள் பெரியவரோடு பின்னால் வருவாள். உச்சியில் தொட்டிப் படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் இருக்கும் தேநீரை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அந்தப் பத்து நிமிஷம் ஊசிக்காரர் அவள் சொல்வதைக் கேட்பார். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள், மனுஷர் ஒரு மாசம் அவளைக் குன்றுப் பக்கமே விடவில்லை. அதை அவள் மறக்கவில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கின ஒரு வாரத்தில், முதல் திருப்பத்தில் இருக்கும் சிறு பாலத்துப் பக்கம், பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. பெரியவருக்கு மூச்சு வாங்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் பாதையில் உட்கார்ந்திருந்தார். அவள் பாலத்துச் சுவரில் சாய்ந்து, குனிந்து, அதன் முதுகில் கை வைத்திருந்தாள். வயசாகிறது இல்லையா என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பாலத்தில் ஒரு தடவை, பாதி வழி மின்கம்பத்தில் ஒரு தடவை. அதற்கடுத்த மாசம் தொட்டிக்குக் கீழே தட்டைப் பாறையிலும் பெரியவர் உட்காரத் தொடங்கிவிட்டார். மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரிந்ததெல்லாம் உட்கார்ந்திருக்கும் நாயும் அதைத் தடவிக்கொடுக்கும் மனைவியும்தான். வாலு இழுத்த இழுப்பில் ஒரு நாளும் அவர் அந்த இருபது அடி கீழே இறங்கி வரவில்லை.

ஆனால் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. பெரியவர் பாறையில் உட்கார்ந்த அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அவள் தரையில் உட்கார்ந்து பெரியவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, குழாயை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது. இருந்தாலும் பத்து வயசு நாய், குளிர்காலம், ஏற்றத்தில் இளைப்பு, இதைவிட என்ன வேண்டும்? இருதயக் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட்டார். புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கு நல்ல இருதயம், ஒன்றும் இல்லை என்றாள். ஊசிக்காரருக்கு வந்ததே கோபம். நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் எனக்குச் சொல்லித்தருகிறதா என்று வீட்டில் வந்து குதித்தார். மனைவி சிரித்தாள். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், நீங்க மாத்திரை கொண்டாங்க என்றாள்.

மாத்திரை வந்தது. காலையில் அரை, ராத்திரி அரை. கேட்டு வாங்கிப் பெரியவருக்குக் கொடுப்பவளும் அவள்தான். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று அவர் தினமும் விசாரிப்பார், அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள் மாதிரி விவரமாகச் சொல்வாள். படியேறினால் படபடவென்று அடித்துக்கொள்கிறதாம். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலையாம். பெரியவர் தூங்கவில்லை, நான் கொஞ்சம் கூட உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளும் பாதி ராத்திரியில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். அவர் அரை மாத்திரையை முக்காலாக்கினார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, தையல் கூடத்தில் அவள் காஜா இயந்திரத்தின்மேல் தலையைச் சாய்த்தாள். நூல் கோக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நூல் கோக்க அவ்வளவு நேரம் ஆகாது என்று அவர்களுக்குத் தோன்றியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவளைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இருதயம் மாசக்கணக்காகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாதா என்று. "தெனமும் என்கூட மலை ஏறினா டாக்டர்," என்றார் ஊசிக்காரர். வெளியூரிலிருந்து ஓடி வந்த மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாலாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே மகள் அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, தெனமும் அம்மா பக்கத்துலதான இருந்தீங்க. நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"சத்தியமா தெரியாது பாப்பா. ஒரு அறிகுறி இல்ல."

அவள் தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிட வாங்க, வெந்நீர் போட்டிருக்கேன் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நாய் ஏறும் விதத்தைப் பார்த்து நோவைச் சொல்கிறவர், முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளைப் பார்க்கவில்லை என்பதை அவள் நம்பவில்லை. பார்த்தும் சும்மா இருந்துவிட்டார் என்று நினைக்கிறாள். இந்த நினைப்போடு அவள் பஸ் ஏறிப் போய்விட்டால், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிற விருந்தாளிதான். பெண்டாட்டி போனதோடு மகளும் போயாயிற்று என்று ஊசிக்காரர் நினைத்தார்.

அவள் ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தது. மத்தியானம் பஸ். விடிந்ததும் அவர் நாய்களின் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரே ஒரு தடவை என்னோடு குன்றுக்கு வா, அவள் தினமும் ஏறினதை உன் கண்ணாலே பார், அப்புறம் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள் என்றார். மகள் அம்மாவின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள்.

புல்லெல்லாம் பனி பிடித்து வெளுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாலு தலைகால் புரியாமல் குதித்து மகளை இழுத்துக்கொண்டு ஓடியது. அதனால் பெரியவரின் கயிறு ஊசிக்காரர் கைக்கு வந்தது. அந்தப் பாதையில் பின்னால் நடந்து வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

பேசிக்கொண்டே ஏறினார். எப்படிப்பட்ட ஏற்றம் பார், இளவட்டம் நீயே இளைக்கிறாய், நெஞ்சில் கோளாறு இருக்கிறவள் இதை ஏறுவாளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதல் திருப்பத்தில் மகள் இடுப்பில் கையை ஊன்றி நின்றுவிட்டாள். இப்படிச் செங்குத்தாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். மூன்று வாரத்தில் அவள் முகம் முதல் தடவையாக இளகியது.

"இதை ஏறுறவளைப் பார்த்தா யாருக்குத்தாம்பா சந்தேகம் வரும்? நான்தான் அவசரப்பட்டு என்னென்னமோ நெனச்சுட்டேன்," என்றாள்.

ஊசிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கொஞ்சம் நின்று போகலாம், பெரியவர் இங்கே உட்காருவார் என்று சொல்லிப் பாலத்துப் பக்கம் நின்றார். பெரியவர் உட்காரவில்லை. எதற்கு நிற்கிறீர்கள் என்பதுபோல் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு ஏறினார். மின்கம்பம் வந்தது. அங்கேயும் உட்காரவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. பரவாயில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்று ஊசிக்காரர் நினைத்தார்.

நினைத்த கையோடு ஞாபகம் வந்தது. மூன்று வாரமாக யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. கொடுக்கிறவள்தான் இல்லையே. அட்டை அலமாரியில் அப்படியே கிடக்கிறது. இருதயம் கெட்ட நாய் மூன்று வாரம் மாத்திரை இல்லாமல், இந்தக் குளிரில், இந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறாது. அவருக்குத் தெரியாத வேறெதுவும் இருக்கலாம், இது தெரியும்.

தட்டைப் பாறை வந்தபோது பெரியவர் வாலை உயர்த்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கயிறு ஊசிக்காரர் கையிலிருந்து நழுவியது. அவர்தான் பாறையில் உட்கார்ந்தார்.

நின்றது நாய் இல்லை. அவள் நின்றாள், அவள் நின்றதால் நாய் உட்கார்ந்தது. படபடவென்று அடித்துக்கொண்டதும், படுத்தால் மூச்சு முட்டியதும், எழுந்து உட்கார்ந்தால் தேவலையாக இருந்ததும் எல்லாம் அவளுக்கு. தனக்கென்று சொன்னால் குன்றை நிறுத்திவிடுவார், வருஷத்தில் கிடைக்கிற ஒரு மணி நேரமும் போய்விடும் என்று பயந்திருக்கிறாள். வைத்தியம் தெரிந்த மனுஷனிடம் நாயின் பேரில் சொல்லிப்பார்த்தால் ஒருவேளை கண்டுபிடிப்பார் என்றும் நினைத்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், அவர் சோற்றைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். பெரியவரை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்கு அந்தக் குழாயை அரையடி மேலே தூக்கி வைத்திருந்தால் போதும். ஊரில் எத்தனை பேரை இதற்காக நிற்கவைத்து ஏசியிருக்கிறார் என்று எண்ணிப்பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

பெரியவர் மட்டும் தனியாக ஏறி வருவதைப் பார்த்த மகள் வாலுவை இழுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள்.

"என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார். அவள் பக்கத்தில் குந்தி அவருடைய மப்ளரைத் தளர்த்தி, நெற்றியைத் தொட்டுப்பார்த்தாள். மூன்று வாரமாக இல்லாத கை அது. இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் சந்தோஷமாக இல்லாவிட்டாலும் சமாதானமாகப் பஸ் ஏறுவாள், அடுத்த மாசமே வருவாள். வாரா வாரம் ஃபோன் செய்வாள். ஊசிக்காரர் இதையெல்லாம் நினைத்துத்தான் பார்த்தார். பொய்யாக நடந்துகொள்ள முடியாத மனுஷர் என்று அவரைத் தூக்கிவைக்க வேண்டாம், நமக்கெல்லாம் வருகிற ஆசை அவருக்கும் வந்தது. ஆனால் அவள் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அம்மா நின்ற பாறையில், அதே மாதிரி ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாப்பா, உங்கம்மா சொன்னா. தெனமும் எங்கிட்டதான் சொன்னா. எனக்குத்தான் கேக்கத் தெரியல," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாலம், மின்கம்பம், இந்தப் பாறை. ஸ்டெதாஸ்கோப்பு, டாக்டரம்மாவை ஏசினது, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை. ஒரு அறிகுறியும் இல்லை என்று நாலாம் நாள் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம் என்றார். தெரிந்து செய்த பொய் இல்லை, ஆனாலும் பொய்தான், நீ என்மேல் கோபப்பட்டது நியாயம்தான் என்றார். சொல்லிவிட்டு, அவள் எழுந்து இறங்கிப் போய்விடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. உச்சிவரைக்கும் போய்விட்ட பெரியவர், யாரும் வரவில்லை என்று இறங்கி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். அவள் அதைத் தொடவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, வேறு யாரிடமோ பேசுவதுபோலப் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்கிட்டயும் சொன்னாப்பா. பெரியவருக்கு மூச்சு முட்டுது, பெரியவர் ராத்திரி தூங்கல, எந்திரிச்சு உக்காந்துடுறார்னு. இதையேதான் சொன்னா. போன மாசம் எனக்கு வேலையில தலைவலி. எப்பப் பாத்தாலும் உனக்கு நாய்க்கதைதானாம்மா, வேற ஏதாச்சும் பேசேன்னு கத்திட்டேன்."

ஊசிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மகள் ஸ்வெட்டர்க் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிடின்னு சிரிச்சா. அதுக்கப்புறம் நாயைப் பத்தி எங்கிட்டப் பேசவே இல்லப்பா."